கசியும் புரதம் கூறும் செய்தி



கவிதையும் காப்பியமும் ஆராயப்பட்டு வரும் அவையில் சிறுநீரகம் பற்றிய உரையொன்று இடம்பெறுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் சொல்லுக்குச் சரியான பொருள் காண்பது இலக்கியம் பயில்வோரின் முதற்பணி. பாடல் ஒன்றில் ஒரு சொல்லுக்குப் பிழையான பொருள் கொண்டால் அப்பாடலின் சுவை கெடும். மருத்துவச் சோதனைத் தாளில் ஒரு சொல்லுக்குப் பிழையான பொருள் கொண்டால் ஒரு குடும்பத்தின் வாழ்வே நிலைகுலையும். 'சிறுநீரில் புரதம் போகிறது' என்பது இன்று தமிழ் இல்லங்கள் பலவற்றில் கேட்கும் தொடர். அதைக் கேட்டவர்களுள் சிலர், போகின்ற புரதத்தை ஈடுகட்டும் பொருட்டு முட்டையும் புரத மாவும் மிகுதியாக உண்ணத் தொடங்குகின்றனர். சிலர் அஞ்சிப் பருப்பையும் பாலையும் அறவே நீக்கிவிடுகின்றனர். இன்னும் பலர், வலியொன்றும் இல்லையே என்று அத்தாளை மடித்து வைத்துவிடுகின்றனர். மூன்றும் பிழையான உரைகளே. அத்தொடருக்குச் சரியான உரை காண்பதே இங்கு நோக்கம்.

இதன் தேவை சிறிதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்ற நாடளாவிய ஆய்வின் முடிவுகள் 2023ஆம் ஆண்டில் வெளியாயின. இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேர், அதாவது வயது வந்தோருள் 11.4 விழுக்காட்டினர், நீரிழிவு உடையவர்கள் என்று அவ்வாய்வு மதிப்பிட்டது. சென்னை நகரத்து நீரிழிவாளர்களிடையே நடைபெற்று 2007ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, இன்னும் நெருங்கிய செய்தியைத் தருகிறது. அவர்களுள் 2.2 விழுக்காட்டினருக்கே வெளிப்படையான சிறுநீரக நோய் காணப்பட்டது. ஆனால் 26.9 விழுக்காட்டினரின் சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம், இயல்பைவிடச் சற்றே மிகுந்திருந்தது. நோயாளி என்று தம்மை அறிந்திராத அந்தப் பெருந்தொகையினர் நிற்கும் இடமே இவ்வுரையின் களம்.

பெயரும் தொழிலும்

பழைய அகராதிகளில் குண்டிக்காய் என்று வழங்கிய உறுப்பு, இன்று சிறுநீரகம் எனப்படுகிறது. சிறுநீர் உருவாகும் அகம் என்னும் இப்பெயர் அழகியது. ஆயினும் அது அவ்வுறுப்பின் தொழிலில் ஒரு சிறு பகுதியையே சுட்டுகிறது. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. சிறுநீராக வெளியேறுவதோ ஒன்றரை லிட்டர் அளவே. எஞ்சியவை அனைத்தும் உடலுக்கே திருப்பித் தரப்படுகின்றன. ஆகவே வெளியேற்றும் உறுப்பு என்று அறியப்பட்டாலும், அதன் உழைப்பின் பெரும்பகுதி காப்பதிலேயே செலவாகிறது.

அது காக்கும் பொருள்களுள் தலையாயது ஆல்புமின். கல்லீரல் உருவாக்கும் இப்புரதம், இரத்தத்தின் நீர்மப் பகுதியில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 40 கிராம் அளவில் உள்ளது. இரத்தக் குழாய்களுக்குள் நீரைப் பிடித்து வைத்திருப்பதும், பல மருந்துகளையும் கொழுப்பு அமிலங்களையும் சுமந்து செல்வதும் அதன் பணிகள். அது மிகவும் குறைந்தால் நீர் குழாய்களை விட்டு வெளியேறிக் காலிலும் முகத்திலும் தேங்கும். வீக்கம் என்று மக்கள் கூறுவது இதனையே.

இங்கு ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நாள்தோறும் வடிகின்ற 180 லிட்டரோடு, தடையின்றி ஆல்புமினும் சென்றுவிடுமானால், 7 கிலோகிராமுக்கு மேல் ஆல்புமின் வெளியேற வேண்டும். நல்ல நிலையிலுள்ள ஒருவரின் ஒரு நாள் சிறுநீரில் இருப்பதோ 30 மில்லிகிராமுக்கும் குறைவு. எத்துணை நுண்மையான காவல் அது! நீரிழிவு முதலில் கை வைப்பது அந்தக் காவலின் மீதேயாகும்.

மூன்றடுக்கு வாயில்

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பிலும் மிக நுண்ணிய இரத்தக் குழல்களாலான முடிச்சு ஒன்று இருக்கிறது. கிளாமருலஸ் என்னும் இம்முடிச்சின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது.

முதல் அடுக்கு, இரத்தக் குழலின் உட்புறத்தை மூடிய மெல்லிய செல்கள். அவற்றில் சாளரங்கள் போன்ற துளைகள் உண்டு. துளைகள் ஆல்புமினைவிடப் பன்மடங்கு பெரியவையாயினும், அவற்றின் மேல் சர்க்கரைச் சேர்மங்களாலான ஒரு மென்பூச்சு படர்ந்துள்ளது. அப்பூச்சு எதிர்மின் தன்மை உடையது. ஆல்புமினும் எதிர்மின் தன்மை உடையதாதலின், பூச்சு அதனை விலக்கி நிறுத்துகிறது என்பது அறிஞர் கருத்து. இரண்டாம் அடுக்கு, கொல்லாஜன் முதலிய இழைகளால் பின்னப்பட்ட அடித்தளச் சவ்வு. மூன்றாம் அடுக்கில் போடோசைட் எனப்படும் செல்கள் உள்ளன. இவை தம் பாத விரல்களைக் கோத்துக்கொண்டு குழலைத் தழுவி நிற்கின்றன. இரு கைவிரல்களைக் கோத்தாற்போன்ற அந்த இணைப்பின் இடைவெளிகளில் மிக மெல்லிய திரைகள் உள்ளன. அத்திரையின் முதன்மையான புரதமாகிய நெஃப்ரின் 1998ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. பிறவியிலேயே புரதத்தைப் பெருமளவில் இழக்கும் ஃபின்லாந்துக் குழந்தைகளின் நோயை ஆராய்ந்ததன் பயனாக அது கிடைத்தது. ஒரே ஒரு புரதம் பிழைபட்டாலும் வாயில் முழுவதும் திறந்துவிடும் என்பதை அக்குழந்தைகளின் துயரம் மருத்துவ உலகுக்குக் கற்பித்தது.

போடோசைட்டுகளைப் பற்றி அறிய வேண்டிய உண்மை ஒன்றுண்டு. தோலின் செல்களைப் போல அவை எளிதில் புதுப்பிக்கப்படுவதில்லை. ஒன்று உதிர்ந்தால், அது காத்த இடத்தை அண்டையிலுள்ளவை தம் பாதங்களை நீட்டி மூட முயல்கின்றன. மிகுதியாக உதிர்ந்தால் மூட முடியாத இடங்கள் தோன்றுகின்றன.

வாயிலுக்கு அப்பால்

இத்தனைக் காவலையும் கடந்து சிறிதளவு ஆல்புமினும், உருவில் சிறிய பிற புரதங்களும் ஒவ்வொரு நாளும் உள்ளே நுழைந்துவிடுகின்றன. அவற்றை எதிர்கொள்ள நெஃப்ரானின் அடுத்த பகுதியாகிய அண்மைச் சுருள் நுண்குழலில் மற்றோர் ஏற்பாடு உண்டு. அதன் செல்களின் மேற்பரப்பிலுள்ள மெகாலின், கியூபிலின் என்னும் இரண்டு ஏற்பிகள் புரதங்களைப் பற்றி உள்ளே இழுக்கின்றன. செல்லுக்குள் அவை சிதைக்கப்பட்டு, அமினோ அமிலங்களாக இரத்தத்திற்குத் திரும்புகின்றன. ஆகவே சிறுநீரில் காணப்படும் ஆல்புமின், வாயிலைக் கடந்ததும் நுண்குழலால் மீட்கப்படாமல் எஞ்சியதும் ஆகும். வாயில் தளர்ந்தாலும், மீட்பு தளர்ந்தாலும் அதன் அளவு உயரும். நீரிழிவு இவ்விரண்டையும் தளர்த்துகிறது.

இவ்விடத்தில் கவனிக்கத்தக்க மற்றொரு புரதம் இன்சுலின். ஆல்புமினில் 585 அமினோ அமிலங்கள் உண்டு; இன்சுலினில் 51 மட்டுமே. அதன் சிறுமை காரணமாக அது வாயிலைக் கடந்து நுண்குழலை அடைந்து அங்கே சிதைக்கப்படுகிறது. இரத்தத்திலிருந்து இன்சுலினை நீக்கும் பணியில் சிறுநீரகத்திற்குக் கணிசமான பங்கு உண்டு. இதன் விளைவு என்ன என்பது பின்னர் விளங்கும்.

சர்க்கரை செய்யும் மாற்றம்

வடிந்த நீர்மத்தில் உள்ள சர்க்கரையை, அண்மை நுண்குழல் சோடியத்தோடு சேர்த்தே மீட்கிறது. இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது மீட்கப்படும் சர்க்கரையும் மிகுகிறது. அதனோடு சோடியமும் மிகுதியாக உறிஞ்சப்படுகிறது. எனவே நுண்குழலின் அடுத்த பகுதியிலுள்ள உணர் செல்களைச் சென்றடையும் உப்பு குறைகிறது. அவ்வுணர் செல்கள் சர்க்கரையை அறியா. அவை அறிவது உப்பு ஒன்றையே. உப்பு குறைந்ததைக் கண்டு, வடித்தல் போதவில்லை என்று அவை முடிவு செய்கின்றன. உடனே கிளாமருலசுக்குள் இரத்தத்தைக் கொணரும் உட்செல் நுண்தமனி விரிகிறது. மறுபுறம், ஆஞ்சியோடென்சின் என்னும் இயக்குநீரின் செயலால் வெளிச்செல் நுண்தமனி சுருங்குகிறது. வரும் வழி அகன்று, போகும் வழி குறுகினால் இடையிலுள்ள முடிச்சினுள் அழுத்தம் ஏறுவது இயல்பு. அழுத்தம் ஏறவே வடித்தலும் இயல்பைவிட மிகுகிறது.

மிகுதியும் குறைவும் ஆகிய இரண்டுமே நோய் செய்யும் என்பதை மருந்து அதிகாரத்தின் தொடக்கத்திலேயே வைத்தவர் வள்ளுவர். குறைவை நோயென்று எளிதில் ஏற்கும் மனம், மிகுதியை நலமென்றே எண்ணுகிறது. நீரிழிவில் சிறுநீரகம் அடையும் முதல் மாற்றம் தளர்ச்சியன்று, மிகையான உழைப்பு.

அழுத்தம் ஒருபுறம் இருக்க, சர்க்கரையின் நேரடித் தாக்கமும் உண்டு. நெடுங்காலம் மிகுந்திருக்கும் சர்க்கரை, திசுக்களிலுள்ள புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றின் இயல்பை மாற்றுகிறது. அடித்தளச் சவ்வு தடிக்கிறது. நுண்குழல்களைத் தாங்கி நிற்கும் இடைத்திசு பெருகுகிறது. உட்சுவரின் மென்பூச்சு மெலிகிறது. போடோசைட்டுகளின் பாத விரல்கள் கோப்பு நெகிழ்ந்து தட்டையாகின்றன. பின்னர் செல்களே உதிர்கின்றன. சுவர் தடித்தால் காவல் வலுப்பட வேண்டும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் ஒழுங்கான பின்னல் குலைந்து தடித்த சுவர், மெல்லிய சுவரைவிட மிகுதியாகக் கசிகிறது. நீரிழிவாளரின் கிளாமருலஸ்களில் முடிச்சு முடிச்சாகத் திரளும் இம்மாற்றத்தை, பால் கிம்மல்ஸ்டீல், கிளிஃபோர்ட் வில்சன் ஆகிய இருவர் 1936ஆம் ஆண்டில் விரித்துரைத்தனர்.

கசிந்த புரதம் வெறும் அடையாளமாக நின்றுவிடுவதும் இல்லை. அளவுக்கு மேல் வந்து சேரும் புரதத்தை மீட்க முயன்று நுண்குழலின் செல்கள் நலிகின்றன. நலிந்த செல்கள் அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றைச் சூழ்ந்த திசு மெல்ல மெல்ல வடுவாக இறுகுகிறது. சேதத்தின் விளைவாகத் தோன்றிய கசிவு, பின்னர் புதிய சேதத்திற்குக் காரணமாகிறது. போனதை ஈடுகட்டப் புரதத்தை மிகுதியாக உண்பது ஏன் பிழை என்பதற்கு விடை இங்குள்ளது. வாயில் பழுதுபட்டிருக்கும்போது, உணவால் வரவைப் பெருக்குவது வாயிலைச் செப்பனிடாது. மிகுதியான புரத உணவு கிளாமருலசின் அழுத்தத்தையும் உழைப்பையும் மேலும் ஏற்றவே செய்யும்.

நுரையிலிருந்து அளவைக்கு

சிறுநீரைக் கண்டு நோயை அறிய முயன்ற வரலாறு நீண்டது. தமிழ்ச் சித்த மருத்துவத்தில் தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி முறை, சிறுநீரின் நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் ஆகிய ஐந்தையும் நோக்குமாறு கூறுகிறது. புரதம் மிகுந்த சிறுநீர் நுரைப்பது உண்மையே. எல்லா நுரையும் புரதத்தால் வருவதன்று. நுரை தோன்றும் அளவுக்குப் புரதம் போகும்வரை காத்திருத்தலும் தகாது. எனினும் அப்பட்டியலில் நுரைக்குத் தனி இடம் கொடுத்த கூர்நோக்கு போற்றத்தக்கது.

ஐரோப்பாவில், வீக்கம் கண்ட நோயாளி ஒருவரின் சிறுநீரைச் சூடாக்கியபோது அது முட்டையின் வெண்கருபோல் உறைந்ததை, இத்தாலிய மருத்துவர் தொமெனிக்கோ கொத்துஞோ 1770ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் பதிவு செய்தார். இலண்டனிலுள்ள கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட், 1827ஆம் ஆண்டில் மூன்று செய்திகளை ஒன்றாக இணைத்தார். உடலில் வீக்கம், சூட்டில் உறையும் சிறுநீர், இறந்தபின் காணப்படும் சிதைந்த சிறுநீரகம் ஆகிய மூன்றும் ஒரே நோயின் முகங்கள் என்பதே அவர் கண்ட உண்மை. கரண்டியில் எடுத்த சிறுநீரை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டுவதே அக்காலச் சோதனை.

அச்சோதனை உண்மையைக் கூறிற்று. ஆனால் காலம் கடந்து கூறிற்று. கரண்டியில் உறையும் அளவுக்குப் புரதம் வந்தபின் செய்யத்தக்கது மிகக் குறைவு. 136 ஆண்டுகளுக்குப் பின், அதே கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஹாரி கீன், தம் உடன் ஆய்வாளரோடு மிகச் சிறிய அளவு ஆல்புமினையும் அளக்கும் முறையை 1963ஆம் ஆண்டில் வெளியிட்டார். அந்தச் சிறிய அளவுக்குப் பொருள் உண்டா என்னும் வினாவுக்கு விடை 1982ஆம் ஆண்டில் கிடைத்தது. இன்சுலினைச் சார்ந்து வாழும் நீரிழிவாளருள், சிறிதளவு ஆல்புமின் மிகுந்திருந்தவர்களே பின்னாளில் பெரிய சிறுநீரக நோய்க்கு ஆளானார்கள் என்று வைபர்ட்டி முதலானோர் காட்டினர். 1984ஆம் ஆண்டில் டென்மார்க்கின் மோகன்சன், வயது முதிர்ந்தபின் நீரிழிவு கண்டவர்களுக்கும் இது பொருந்தும் என்று நிறுவினார். அத்தகையோரிடம் இறப்பும் முன்னதாகவே நேர்ந்தது என்பது அவர் கண்ட மற்றோர் உண்மை. அவ்விறப்புகளில் இதய நோய்க்குப் பெரும்பங்கு உண்டு. கிளாமருலசின் வாயில் தளர்ந்திருப்பது, உடலெங்கும் உள்ள இரத்தக் குழல்களின் உட்சுவர் தளர்ந்திருப்பதற்கும் சான்றாகிறது.

இந்நிலையைக் குறிக்க வழங்கும் மைக்ரோஆல்புமினூரியா என்னும் சொல்லும் பிழையாகவே விளங்கிக்கொள்ளப்படுகிறது. மைக்ரோ என்பது புரதத்தின் உருவத்தைக் குறிக்கவில்லை. வெளியேறும் அளவைக் குறிக்கிறது. சிறுநீரில் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் குறைவாக ஆல்புமின் இருப்பது இயல்பு. 30 முதல் 300 வரை சிற்றளவுக் கசிவு. அதற்கு மேல் பெருங்கசிவு. அளவு சிறியது என்பதால் செய்தியும் சிறியது என்று கொள்ளுதல் ஆகாது.

பொய்யான மூன்று நற்செய்திகள்

இந்நோயின் கொடுமை அதன் வலியில் இல்லை. அது தரும் பொய்யான ஆறுதல்களில் இருக்கிறது. அவை மூன்று.

'கிரியேட்டினின் சரியாக இருக்கிறது' என்பது முதலாவது. கிரியேட்டினின், வடித்தலின் வேகத்தைச் சுட்டும் இரத்தச் சோதனை. தொடக்கக் காலத்தில் சிறுநீரகம் மிகையாக வடித்துக்கொண்டிருப்பதால், அவ்வெண் மிக நன்றாகவே இருக்கும். பின்னர் வடித்தல் ஏறத்தாழப் பாதியளவு குறைந்த பின்னரே பலருக்கு அது இயல்பின் எல்லையைத் தாண்டுகிறது. இரத்தத்தில் நலமென்று எழுதப்படும் அந்த ஆண்டுகளில், சிறுநீர் வேறொரு செய்தியை எழுதிக்கொண்டிருக்கக்கூடும்.

'சாதாரணச் சிறுநீர்ச் சோதனையில் புரதம் இல்லை' என்பது இரண்டாவது. நிறம் மாறும் தாள்பட்டையை நனைத்துப் பார்க்கும் வழக்கமான சோதனை, பெருங்கசிவையே நம்பத்தக்க வகையில் காட்டும். 30க்கும் 300க்கும் இடைப்பட்ட சிற்றளவுக் கசிவு பெரும்பாலும் அதன் கண்ணில் படுவதில்லை. ஆல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதத்தைக் கேட்டு அளந்தாலொழிய அது வெளிப்படாது.

மூன்றாவது மிகவும் இரக்கத்திற்குரியது. பல ஆண்டுகளாக அடங்காதிருந்த சர்க்கரை, ஒரு நாள் தானாகவே குறையத் தொடங்குகிறது. போடும் இன்சுலினின் அளவைக் குறைக்க நேர்கிறது. மாத்திரையே தேவையில்லை என்று சிலர் மகிழ்கின்றனர். உணவைக் கட்டுப்படுத்தியதன் பயன் என்றும், புதிதாக உட்கொண்ட கசாயத்தின் பயன் என்றும் வீட்டார் கருதுகின்றனர். உண்மையாகவே உணவாலும் நடையாலும் சர்க்கரை குறைவதுண்டு. காரணமின்றிக் குறையும்போது மட்டும் ஐயம் கொள்ள வேண்டும். இன்சுலினைச் சிதைத்து நீக்கும் நுண்குழல்கள் அழிந்துவிட்டால், இன்சுலின் இரத்தத்தில் நெடுநேரம் தங்குகிறது. ஆகவே சர்க்கரை தாழ்கிறது. நோய் தீர்ந்தது என்று இனிப்பு வழங்கும் நாளில், சிறுநீரகம் தன் தொழிலின் பெரும்பகுதியை இழந்திருக்கலாம். இரவில் சர்க்கரை மிகவும் தாழ்ந்து நினைவிழக்கும் இடரும் அப்போது நேரும்.

வேண்டாதது ஒன்றும் வேண்டியது ஒன்றும் ஆக இரண்டு புரதங்கள் இங்கு இடம் மாறி நிற்கின்றன. காக்க வேண்டிய ஆல்புமினை அவ்வுறுப்பு கைவிடுகிறது. பணி முடித்து நீங்க வேண்டிய இன்சுலினை நீக்க இயலாமல் நிற்கிறது. நீரிழிவு சிறுநீரகத்தின் புரத ஆட்சியைக் குலைக்கும் முறையை இதனினும் சுருக்கமாகக் கூற இயலாது.

காலத்தே செய்வன

இக்கசிவு விதியன்று. 1993ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முதல் வகை நீரிழிவு உடைய 1,441 பேர் பங்கேற்றனர். சர்க்கரையை நெருக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களிடம் சிற்றளவுக் கசிவு தோன்றுவது 39 விழுக்காடும், பெருங்கசிவு 54 விழுக்காடும் குறைந்தன. அதே 1993ஆம் ஆண்டில், ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கும் கேப்டோப்ரில் என்னும் மருந்து பெருங்கசிவு உடையவர்களுக்கு அளித்து ஆராயப்பட்டது. இறப்பு, டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் ஆகிய மூன்றும் சேர்ந்த இடர் அதனால் பாதியாகக் குறைந்தது. சுருங்கியிருந்த வெளிச்செல் நுண்தமனியை நெகிழ்த்தி உள்ளழுத்தத்தைத் தணிப்பதே இத்தகைய மருந்துகளின் வழி. 2001ஆம் ஆண்டில் லோசார்ட்டான் முதலிய மருந்துகளும் இரண்டாம் வகை நீரிழிவாளருக்கு இவ்வாறே பயன்படுவது நிறுவப்பட்டது.

உட்செல் நுண்தமனியின் பக்கத்தைச் சீர்செய்யும் மருந்துகள் பின்னர் வந்தன. சர்க்கரையையும் சோடியத்தையும் சேர்த்து உறிஞ்சும் கடத்தியைத் தடுத்தால், உப்பு மீண்டும் உணர் செல்களை அடையும். விரிந்த தமனி இயல்புக்குத் திரும்பும். கானாகிளிஃப்ளோசின் என்னும் இவ்வகை மருந்தைக் குறித்து, 4,401 பேரிடம் நடந்த ஆய்வு 2019ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சிறுநீரகச் செயலிழப்பு முதலிய முதன்மை இடர்கள் 30 விழுக்காடு குறைந்ததை அது காட்டிற்று. 2020ஆம் ஆண்டில் ஃபினெரனோன், 2024ஆம் ஆண்டில் செமாகுளூட்டைட் ஆகியவற்றின் பயனும் பெரிய ஆய்வுகளால் உறுதிப்பட்டது. இவற்றுள் எது எவருக்கு ஏற்றது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே. பொட்டாசியம் முதலியவற்றைக் கண்காணித்தே இவை தரப்படுகின்றன.

மருந்துகள் பல இருந்தும் பயன் பெறாமல் போவதற்குக் காரணம், கேட்க வேண்டிய வினா கேட்கப்படாமையே. இரண்டாம் வகை நீரிழிவு என்று அறிந்த அன்றே ஆல்புமின் அளவைப் பார்க்க வேண்டும். முதல் வகை உடையோர் நோய் தோன்றி ஐந்து ஆண்டுகளுக்குப் பின் தொடங்கலாம். அதன்பின் இரு சாராரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பார்த்தல் வேண்டும். காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரில் ஒரு சிறு குப்பியளவு இதற்குப் போதும். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடலுழைப்பு, மாதவிலக்கு ஆகியவற்றின்போது அளவு தற்காலிகமாக உயரும். ஆகவே ஒரு முறை கண்டதைக் கொண்டு முடிவு கட்டாமல், மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் மூன்று முறை பார்த்து, இரண்டிலேனும் மிகுந்திருந்தால் உறுதி கொள்வர். ஆல்புமின் கசியாமலே வடித்தல் குறைவோரும் உண்டு. எனவே இரத்தத்தில் கிரியேட்டினினையும் உடன் பார்க்க வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. நீரிழிவாளரிடம் காணும் கசிவு அனைத்தும் நீரிழிவால் வந்ததென்று கொள்வதும் பிழை. கண்ணின் விழித்திரையைச் சோதிப்பது இதனைத் தெளிய ஓரளவு உதவும்.

உணவைப் பற்றி முன்னர் எழுந்த வினாவுக்கும் விடை உண்டு. சிறுநீரகப் பாதிப்புடைய, டயாலிசிஸ் நிலையை எட்டாத நீரிழிவாளருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு இது 48 கிராம். பருப்பை அறவே நீக்கித் தசை மெலிவதும் வேண்டா. புரத மாவை அள்ளி உண்பதும் வேண்டா. டயாலிசிஸ் தொடங்கியவர்களுக்கு இதனினும் மிகுதியான புரதம் தேவை. அந்நிலையில் பழைய பத்தியத்தையே தொடர்ந்து உடல் நலிவோர் பலர். இவற்றோடு உப்பைக் குறைத்தல், இரத்த அழுத்தத்தை அடக்குதல், புகை விடுதல், மூட்டுவலிக்கு மருத்துவரைக் கேளாமல் கடையில் வாங்கி உண்ணும் வலி மாத்திரைகளைத் தவிர்த்தல் ஆகியவையும் சேர வேண்டும்.

சொல்வோர் கடமை

தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியே நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகள் வீட்டு வாயிலுக்கே வந்து சேர்கின்றன. மாத்திரை வீடு தேடி வருவது பெரும்பேறு. ஆனால் மாத்திரை வருகிறது என்பதால் சோதனைக்குப் போவது தேவையற்றதாகிவிடாது. வாரத்திற்கு மூன்று நாள், நாளுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தருகே கிடக்கும் ஒருவரைக் காணும்போது, அவருக்குப் பின்னால் கேட்கப்படாத ஒரு சோதனையும் விளக்கப்படாத ஒரு தாளும் இருந்திருக்கக்கூடும். அவர் மட்டும் கிடப்பதில்லை. அழைத்துவரும் மகளின் ஊதியமும், துணைக்கு அமரும் மனைவியின் பகற்பொழுதும் அங்கேயே கிடக்கின்றன.

அத்தாளை விளக்கும் பணி மருத்துவருக்கு மட்டுமே உரியதன்று. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர், தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார்; மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார்; அதற்கென நூற்றுக்கணக்கான சொற்களைத் தேடியும் ஆக்கியும் தந்தார். உடலைப் பற்றிய அறிவு உடலுக்குரியவரின் மொழியில் இருக்க வேண்டும் என்று அயல்நாட்டார் ஒருவர் கொண்ட உறுதி அது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர், இன்று ஆங்கிலத்தில் அச்சாகி வரும் சோதனைத் தாளின் ஒரு வரியையேனும் பக்கத்து வீட்டாருக்குத் தமிழில் சொல்ல வேண்டாமா?

அந்த ஒரு வரி இதுதான்: சர்க்கரை எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், சிறுநீரில் ஆல்புமின் எவ்வளவு என்றும் ஆண்டுதோறும் கேளுங்கள். சிறுநீரகம் வலியால் பேசும் உறுப்பன்று. அது முதலில் பேசுவது அந்தச் சிறிய எண்ணின் வழியாகவே. 30க்கும் 300க்கும் இடையில் அதைக் கேட்டவர்களுக்குச் செய்யத்தக்கவை பல உள்ளன. பத்தாண்டுகளாகத் தமிழ் கேட்டுப் பழகிய இவ்வட்டத்தார், இந்த ஒரு தொடரை ஆளுக்கு ஒரு வீட்டிற்கேனும் கொண்டு சேர்ப்பார்களாயின் விழாவின் பயன் மண்டபத்திற்கு வெளியிலும் நிலைக்கும்.